வழி யாருடையது?

ஆலை வாயிலுக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடை பெஞ்சில், மடித்து மடித்து நைந்துபோன காகிதம் ஒன்றை என் முன்னால் விரித்தார் ஒரு தோழர். நூற்புப் பிரிவிலே இருபத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவர். தமிழ் ஏடு என்றால் முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் முகவரி வரை விடமாட்டார். இந்தக் காகிதமோ ஆங்கிலம். நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பு.

“தோழர், இதிலே மூணு இடத்திலே ஒரே சொல்லு வருது. பையனைப் படிக்கச் சொன்னேன். ‘அப்ஸ்ட்ரக்ட்’னு படிச்சான். என்னடா அர்த்தம்னா, தடுக்கிறதுங்கிறான். நாங்க யாரைத் தடுத்தோம்? வாசலுக்கு வெளியே நின்னு கோஷம் போட்டோம். உள்ளே போனவன் போனான், வந்தவன் வந்தான். ஒருத்தன் சட்டையைக்கூடத் தொடலியே!”

அதோடு நிறுத்தவில்லை அவர். கையை நீட்டிச் சுற்றுச்சுவருக்கு அப்பால் காட்டினார். சங்கக் கொட்டகைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. அதன் வாயிலே ஆளுயரத்துக்கு உடைந்த இயந்திரங்கள், துருப்பிடித்த உருளைகள், பழைய இரும்பு. இரண்டு மாதமாக நிர்வாகம் கொண்டுவந்து கொட்டிவைத்திருக்கிறதாம். கொட்டகைக்குப் போக வேண்டுமென்றால் சாக்கடைக் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

“அதுக்கு என்ன சொல்லு தோழர்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அன்றைக்கே சொல்லியிருப்பேன், ஆனால் சொல்லின் வேரைப் பார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது என்று தோன்றியது. பார்த்தேன். பார்த்தபோது சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது.

இலத்தீன் மொழியில் ‘ஸ்ட்ரூவெரே’ என்றொரு வினைச்சொல். அடுக்குதல், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டுதல் என்று பொருள். கொத்தனார் செய்கிற வேலை! ‘ஆப்’ என்பது அதன் முன்னே ஒட்டிக்கொள்ளும் துண்டு. எதிரே, முன்னே என்பது அதன் பொருள். இரண்டும் சேர்ந்தால், நடப்பவன் வழிக்கு எதிரே பொருளை அடுக்கிவைத்தல். அதுதான் அப்ஸ்ட்ரக்ட். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆங்கிலத்தில் நுழைந்த சொல். கட்டு என்பதற்குக் கன்ஸ்ட்ரக்ட் என்கிறானே ஆங்கிலேயன், அது இதற்கு உடன்பிறந்த சொல். கட்டியதை இடிப்பதற்கு டெஸ்ட்ராய் என்கிறானே, அதுவும் இதே வயிற்றில் பிறந்ததுதான். கல் ஒன்றே, கையும் ஒன்றே. வீட்டுக்கு வைத்தால் ஒரு பெயர், வழியிலே வைத்தால் வேறு பெயர்.

ஆக, பாதையிலே இரும்பைக் கொட்டிவைத்தவன் செய்திருக்கிறானே, அதுதான் அந்தச் சொல்லின் அச்சு அசலான முதற்பொருள்! வாயிலுக்கு வெளியே நின்று வாயைத் திறந்தவனுக்கு அந்தச் சொல்லை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வண்டி வண்டியாக இரும்பைக் கொண்டுவந்து அடுக்கியவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. சிரிப்பு வந்தது என்றேனே, இதற்குத்தான். சினம் வந்த கதை பிறகு.

தடுப்பதற்கு ஆங்கிலத்தில் சொற்பஞ்சம் கிடையாது. ‘இம்பீட்’ என்பான், பாதம் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, காலுக்குத் தளையிடுதல். ‘ஹிண்டர்’ என்பான்; பின்னால் என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல், பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தல். ‘பிரிவென்ட்’ என்பான், முந்திக்கொண்டு வந்துவிடுதல், நடக்கவே விடாமற் செய்தல். ‘ஆப்ஸ்டகிள்’ என்பது பார்வைக்கு நம் சொல்லின் தம்பி போலத் தோன்றும். ஆனால் வேர் வேறு. முன்னே நிற்பது அது. முன்னே அடுக்குவது இது. மலை குறுக்கே நிற்கிறது என்றால் ஆப்ஸ்டகிள். அதை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அப்ஸ்ட்ரக்ட் என்றால் செய்த கை ஒன்றைத் தேடும் மனம்.

இவற்றிலே நாம் கவனிக்க வேண்டியது பிரிவென்ட்டுக்கும் அப்ஸ்ட்ரக்டுக்கும் உள்ள இடைவெளி. முன்னது முற்றாக நிறுத்துவது. பின்னது அப்படியல்ல. நிறுத்தினாலும் அப்ஸ்ட்ரக்ட்தான், கடினமாக்கினாலும் அப்ஸ்ட்ரக்ட்தான். ஆகவேதான் அதிகாரிகளுக்கு இந்தச் சொல்மீது அத்தனை ஆசை. நடக்கவிடவில்லை என்று மெய்ப்பிப்பது பெரும்பாடு. நடப்பதற்குச் சிரமமாக இருந்தது என்று சொல்லிவிடுவது எளிது.

நம் நாளேடுகளில் நாள்தோறும் வருகிற ஒரு தொடர் உண்டு: “அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு.” படித்துப் படித்து நமக்கு மனப்பாடம். ஆங்கிலச் சட்டப்பிரிவில் இருப்பது அப்ஸ்ட்ரக்ட், அதாவது இடையூறு. தமிழில் வருவதோ ‘செய்யவிடாமல் தடுத்தல்’. ஆங்கிலத்தில் ஒரு முழம் இருந்தது தமிழில் இரண்டு முழமாகிவிட்டது! குற்றஞ்சாட்டப்பட்டவன் செய்ததாக ஊர் நம்புவது தமிழ்த் தொடரை. அவன்மீது மெய்ப்பிக்க வேண்டியது ஆங்கிலச் சொல்லை. அவன் பெயர் கெட்டுப்போகும் அளவுக்குக் குற்றம் பெரிதாகத் தெரிகிறது. மெய்ப்பிக்கும் வேலையோ சின்னதாக இருக்கிறது.

எல்லா இடத்திலும் இந்தச் சொல் வம்புக்கு நிற்பதில்லை. கிரிக்கெட்டிலே ‘களத்தாரை அப்ஸ்ட்ரக்ட் செய்தல்’ என்று ஆட்டமிழக்கும் முறை ஒன்று இருக்கிறது. 1951இல் ஓவல் மைதானத்திலே இங்கிலாந்தின் லென் ஹட்டன், மேலெழும்பிய பந்து விக்கெட்டிலே விழுந்துவிடுமோ என்று மறுபடி மட்டையை வீச, தென்னாப்பிரிக்க விக்கெட் காப்பாளர் என்டீன் பிடிக்கவேண்டிய பந்து தவறியது. அவுட்! டெஸ்ட் ஆட்டத்தில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் அவர். சட்டமன்ற வழக்கிலும் இந்தச் சொல் உண்டு. 1870களில் அயர்லாந்து உறுப்பினர்கள் பார்னெலும் பிகரும் இலண்டன் மக்கள் சபையிலே மணிக்கணக்கில் பேசியே அரசின் மசோதாக்களை நகரவிடாமல் செய்தார்கள். அவர்களுக்கு ‘அப்ஸ்ட்ரக்ஷனிஸ்ட்’ என்று பட்டம் கட்டினார்கள். 1881 ஜனவரி 31இல் கூடிய சபை 41 மணி நேரம் ஓயாமல் நடந்தது. கடைசியில் சபாநாயகர் தாமாகவே விவாதத்தை முடித்துவைத்தார். பேசிக்கொண்டிருந்தவனுக்கு அது பேச்சு. கேட்டுக்கொண்டிருந்த அமைச்சனுக்கு அது அடைப்பு!

இனி இந்தச் சொல் தொழிலாளியின் முதுகிலே ஏறிய கதை. அதுவும் இங்கிலாந்திலேதான் நடந்தது.

1871 ஜூன் 29. அந்த ஒரே நாளிலே இங்கிலாந்தில் இரண்டு சட்டங்கள் கையொப்பமாயின. ஒன்று தொழிற்சங்கச் சட்டம். சங்கம் வைப்பது குற்றமல்ல என்றது அது. தொழிலாளர் மகிழ்ந்தார்கள். மற்றொன்று குற்றவியல் திருத்தச் சட்டம். சங்கம் வைக்கலாம், ஆனால் மிரட்டியோ இடையூறு செய்தோ எவரையும் வேலைக்குப் போகாதபடி வற்புறுத்தினால் மூன்று மாதச் சிறை என்றது அது. இடையூறு என்றால் என்ன? அங்கே விளக்கமும் எழுதிவைத்தார்கள். ஒருவர் பின்னால் விடாமல் தொடர்ந்து போவது அப்ஸ்ட்ரக்ட். அவர் வீட்டையோ வேலை செய்யும் இடத்தையோ கண்காணித்து நிற்பது அப்ஸ்ட்ரக்ட். இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒழுங்கின்றித் தெருவிலே பின்தொடர்வது அப்ஸ்ட்ரக்ட். கல்லுமில்லை, சுவருமில்லை, தெருவிலே நின்று பார்த்தாலே அடைப்பு! வலக்கையால் சங்கத்தைக் கொடுத்து, இடக்கையால் அது நிற்பதற்கான தெருவைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இரண்டே ஆண்டு. 1873 மே மாதம். ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்திலே ஆஸ்காட் என்றொரு சிற்றூர். ஜோசப் ஆர்ச் என்ற பண்ணைத் தொழிலாளி தலைமையில் உருவான சங்கம் அப்போது அந்தப் பக்கத்துக் கிராமங்களிலெல்லாம் வேர்விட்டிருந்தது. ஆஸ்காட்டிலே ஹாம்பிட்ஜ் என்ற பண்ணைக்காரரிடம் கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு இளைஞர்களைக் கொண்டுவந்தார். வேலைக்குப் போகிற அந்த இருவரையும் வழியிலே சந்தித்துப் பேசினார்கள் ஊர்ப் பெண்கள். “இதிலே இறங்காதீர்கள், சங்கத்திலே சேருங்கள்” என்றார்கள். ஆண்கள் போனால் கைது, பெண்கள் போனால் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

பண்ணைக்காரர் வழக்குத் தொடுத்தார். குற்றம்: அந்த இருவரையும் ‘அப்ஸ்ட்ரக்ட்’ செய்தது, வற்புறுத்தியது. சிப்பிங் நார்ட்டன் நகரிலே விசாரணை. மேடையிலே உட்கார்ந்திருந்த இரண்டு நீதிபதிகளும் யார் தெரியுமா? மதகுருமார்! ஞாயிறன்று ஏழைக்கு இரங்கச் சொல்கிற வாய், மற்ற நாளிலே தீர்ப்புச் சொன்னது. 16 பெண்களுக்குக் கடுங்காவல். ஏழு பேருக்குப் பத்து நாள், ஒன்பது பேருக்கு ஏழு நாள். அவர்களிலே கைக்குழந்தைக்காரிகளும் இருந்தார்கள். குழந்தைகளும் தாயோடு சிறைக்குப் போயின. செய்தி பரவியதும் ஊர் திரண்டது. காவல் நிலையத்தின் கண்ணாடிகள் உடைந்தன. இரவோடிரவாகப் பெண்களை வண்டியிலேற்றி ஆக்ஸ்ஃபோர்டு சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் மனத்திலே நிறுத்திப் பாருங்கள். இரண்டு இளைஞர்கள். திடமான ஆட்கள். எதிரே குழந்தையை இடுப்பிலே வைத்த பெண்கள். இதிலே வழி அடைபட்டதாம்! உண்மையிலே எது அடைபட்டது? பண்ணைக்காரருக்குக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிற வழி அடைபட்டது. அந்த வழிதான் சட்டத்தின் கண்ணுக்கு வழியாகத் தெரிந்தது. வாரக் கூலியிலே பிள்ளைக்குச் சோறு போடுகிற வழியும் ஒரு வழிதான். அதை அடைத்தவனைப் பிடித்து நிறுத்த அந்த மேடையிலே சொல் இல்லை.

சிறை சென்ற பெண்களின் பெயரால் எழுந்த கூச்சல் வீண்போகவில்லை. தொழிற்சங்கங்கள் நாடெங்கும் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துக் கிளர்ந்தன. 1875இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. செய்தி சொல்லவோ கேட்கவோ ஓரிடத்திலே நிற்பது குற்றமல்ல என்று புதிய சட்டத்திலே எழுதவேண்டி வந்தது.

ஆனால் சொல் சாகவில்லை. வேறு வீட்டிலே குடிபுகுந்தது. 1934 ஜூலையிலே இலண்டனின் டெட்ஃபோர்டு பகுதியில், வேலையற்றோர் பயிற்சி நிலையம் ஒன்றின் எதிரே தெருவில் ஒரு பெட்டியைப் போட்டார்கள். வேலையற்ற தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த காதரின் டங்கன் என்ற பெண்மணி பேசவேண்டும். கூட்டம் முப்பது பேர்தான். காவல் ஆய்வாளர் ஜோன்ஸ் வந்தார். இங்கே கூடாது, 175 கஜம் தள்ளி இன்னொரு தெருவிலே போய்ப் பேசு என்றார். அம்மையார் இசையவில்லை, பெட்டிமேல் ஏறினார், கைது. என்ன குற்றம்? தெருவை அடைத்தாரா? இல்லை. கலகம் மூட்டினாரா? இல்லை. அரசுத் தரப்பே அப்படிச் சொல்லவில்லை. முந்தின ஆண்டு அவர் அங்கே பேசியபிறகு நிலையத்துக்குள்ளே சலசலப்பு ஏற்பட்டதாம். இப்போதும் ஏற்படலாம் என்று ஆய்வாளர் அஞ்சினாராம். அஞ்சியதால் தடுப்பது அவர் கடமையாம். கடமையைச் செய்யும்போது பெட்டிமேல் ஏறியது அந்தக் கடமைக்கு அப்ஸ்ட்ரக்ஷனாம்! 1935இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஹீவர்ட் பிரபு தலைமை நீதிபதி.

1873இல் பெண்கள் மனிதரை அடைத்தார்கள் என்றார்கள். 1934இல் ஒரு பெண் ஓர் அதிகாரியின் அச்சத்தை அடைத்தாள் என்றார்கள்! அச்சத்துக்கு அகலமெவ்வளவு, நீளமெவ்வளவு? எங்கே நின்றாலும் அதன் வழியிலே நிற்பதாகத்தானே ஆகும்! சினம் வந்தது என்றேனே, இதைப் படித்தபோதுதான்.

அதே நீதிமன்றத்திலிருந்து 1966இல் வேறொரு குரல் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். கிரிம்ஸ்பி நகரிலே நள்ளிரவுக்குப் பின் தெருவில் நடந்த ஒருவரைக் காவலர் நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டார். ரைஸ் என்ற அந்த மனிதர் முழு விவரம் சொல்ல மறுத்தார். கைது செய்யாமல் உன்னோடு வரமாட்டேன் என்றார். காவலர் கடமைக்கு இடையூறு என்று வழக்கு. பார்க்கர் பிரபு தீர்ப்பளித்தார். காவலரின் வேலையைக் கடினமாக்குவது அப்ஸ்ட்ரக்ட்தான், ரைஸ் அதைச் செய்ததும் உண்மைதான், ஆனால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற சட்டக் கடமை குடிமகனுக்கு இல்லை, ஆகவே அவருக்கு நியாயமான காரணம் இருக்கிறது, விடுதலை! இடையூறு நேர்ந்ததா என்று மட்டும் பார்க்காமல், நேர்வித்தவனுக்கு உரிமை இருந்ததா என்று கேட்டார் அந்த நீதிபதி. 2021இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமும், ஆயுதக் கண்காட்சியை எதிர்த்துச் சாலையிலே படுத்தவர்களின் வழக்கில், வேண்டுமென்றே வழியை மறித்தாலும் நியாயமான காரணம் இருக்கக்கூடும் என்றது. அடுத்த ஆண்டே அந்நாட்டு நாடாளுமன்றம் சாலையை மறிப்பதற்குச் சிறைத் தண்டனையைச் சேர்த்துவிட்டது என்பதும் வரலாறுதான். கயிறு இன்னும் இரண்டு பக்கமும் இழுபடுகிறது.

இங்கே வருவோம். மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் சட்டமாகி, 1862இலிருந்து நம்மை ஆண்ட தண்டனைச் சட்டத்தில் இந்தச் சொல் பல இடங்களிலே உட்கார்ந்திருந்தது. 2024 ஜூலை 1இலிருந்து அதனிடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. பெயர் மாறியது, எண் மாறியது, சொல் இருக்கிறது. அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு செய்வது பழைய 186, இப்போது 221. சிறை அதே மூன்று மாதம்; அபராதம் மட்டும் 500 ரூபாயிலிருந்து 2,500 ஆகியிருக்கிறது. அந்தப் பிரிவிலே வழக்கை நீதிமன்றம் ஏற்பதற்கு, இடையூறுக்கு ஆளான ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கவேண்டும் என்பது விதி. நம் தோழர்கள் பலர் இதை அறியாமலே நீதிமன்ற வராந்தாவிலே நாட்களைக் கழிக்கிறார்கள்.

நமக்கு வேண்டியது இன்னொரு பிரிவு. பழைய 339, இப்போது 126. முறையற்ற தடை என்பார்கள். அங்கே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். ஒருவருக்குப் போக உரிமையுள்ள திசையிலே போகவிடாதபடி வேண்டுமென்றே அப்ஸ்ட்ரக்ட் செய்தால் குற்றம். உரிமையுள்ள திசை! தடுத்தது மட்டும் குற்றமல்ல. உரிமை இருந்த வழியைத் தடுத்ததே குற்றம். அதற்கு விலக்கும் ஒன்று உண்டு. தனிப்பட்ட வழி ஒன்றை அடைக்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு நம்பி அடைத்தால் குற்றமில்லை. அதாவது, ‘இது என் நிலம், என் பாதை’ என்று நிர்வாகம் சொல்லிவிடலாம். ‘நல்லெண்ணத்தோடு நம்பினோம்’ என்று சத்தியமும் செய்யலாம். கூலி உயர்வுப் பேச்சு முறிந்த வாரத்திலே, சங்கக் கொட்டகைப் பாதையிலே மட்டும் இரும்பு வந்து இறங்கியதற்கு நல்லெண்ணம் என்று பெயர் வைப்பார்களா என்பது வேறு கேள்வி.

அப்படியானால் வழி நம்முடையது என்பதற்கு என்ன ஆதாரம்? 1882ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டம் வழி சொல்கிறது. ஒரு பாதையை ஒளிவுமறைவின்றி, அமைதியாக, இடையீடின்றி, உரிமையாகவே இருபது ஆண்டு பயன்படுத்திவந்தால் அந்த வழியிலே நடக்கும் உரிமை நிலைத்துவிடும். கேட்டு வாங்கிய அனுமதியாக இருந்தால் அது வேறு கதை. ஆகையால் எவராவது எப்போதாவது நிர்வாகத்திடம் ‘தயவுசெய்து இந்தப் பாதையை உபயோகிக்க விடுங்கள்’ என்று கடிதம் எழுதியிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். பணிவு சில நேரம் வம்பிலே கொண்டுபோய் விடும்!

இத்தனையும் அடுத்த ஞாயிறு அதே பெஞ்சிலே தோழரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அறிவிப்பைத் திரும்ப மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அப்போ நிர்வாகத்துக்கு நாம எழுதற கடிதத்திலே அதே சொல்லைப் போடலாமா?”

“போடலாம். ‘எங்கள் பாதையை அப்ஸ்ட்ரக்ட் செய்திருக்கிறீர்கள்’ என்று நேரே எழுதவேண்டும். ‘எங்களைப் போவதிலிருந்து அப்ஸ்ட்ரக்ட்’ என்று சுற்றிவளைத்தால் ஆங்கிலம் பிழையாகிவிடும். அதற்குப் பிரிவென்ட்தான் வரும்.”

“பாதை எங்களுதுன்னு எதுக்கும் காட்டணுமே. கொட்டகை போட்டது எந்த வருஷம்னு...” என்று இழுத்தவர், கடைக்காரரைப் பார்த்துத் திரும்பினார். “ஏண்ணே, பழைய செயலாளர் பெரியவர் இன்னும் அந்த வீட்டிலேதானே இருக்காரு?”

“இருக்காரு. கண்ணுதான் தெரியலை. கணக்குப் புத்தகமெல்லாம் பெட்டியிலே வச்சிருக்காருன்னு சொன்னாங்க.”

தோழர் தேநீருக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தார். கொட்டகைப் பக்கமாகப் போகவில்லை. பெரியவர் வீடிருக்கும் தெருவிலே திரும்பினார்.